கத்தினது நான்தான்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்துத் திருப்பி அனுப்புகிற இடம் அது. அங்கே உருளை மெஷினில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உள்ளே கொடுத்தால், சூடான உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் மொறுமொறுவென்று வெளியே வரும். மறுபக்கம் நிற்பவளிடம் "கோணலா வருது, இழு" என்று சொல்வதற்கே தொண்டை கிழியக் கத்தவேண்டும். கத்திக் கத்தி, வீட்டில் "உப்பு எங்க?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி உப்போடு வந்து நிற்கிற அளவுக்குக் குரல் முற்றிப்போயிருந்தது.

அந்தக் குரலுக்குத் தோதான இடம் பாஸ்கெட்பால் மைதானம்தான்.

சலவைக்கூடத்துப் பெண்களுக்கென்று ஒரு டீம் இருந்தது. பாய்லர் ஓட்டுகிறவர்தான் கோச். வேலை முடிந்து, தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களோடு போய்ப் பந்து தட்டுவார்கள். கேப்டன், மைக் அக்காவின் மருமகள். துவைக்கும் பிரிவில் வேலை. அதிகம் பேசமாட்டாள். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் மாமியார் ஒருத்தியே பேசிவிடுவதால் இவளுக்கு மிச்சம் எதுவும் கிடைப்பதில்லை என்று அவள் புருஷன் சொல்வான். அவன் சலவைக்கூடத்து வேன் டிரைவர்.

அவளை மருமகளாகத் தேர்ந்தெடுத்ததே மைக் அக்காதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள், மூட்டையாகக் கட்டிய தலையணை உறைகளைப் பதினைந்து அடி தூரத்திலிருந்த தள்ளுவண்டிக்குள் ஒன்று பிசகாமல் வீசிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். மைக் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அன்று சாயங்காலமே மகனிடம் சொன்னாள்: "உனக்குப் பொண்ணு பாத்தாச்சு. குறி தப்பாதவ. நீ கொஞ்சம் அடக்கமா இரு."

இந்த வருஷம் டீம் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது. எதிரே பிஸ்கட் கம்பெனி. போன வருஷம் கோப்பை அவர்களிடம்தான் போனது. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்கவேண்டும். முதல் ஆட்டத்தை ஏழு பாயிண்டில் இவர்கள் ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது; அதில் தோற்றால் மூன்றாவது அடுத்த ஞாயிறு. கூடமே காலியாகி மைதானத்தில் நின்றது.

கடைசி ஆறு செகண்டு. பிஸ்கட் கம்பெனி ஐம்பத்தெட்டு, இவர்கள் ஐம்பத்தேழு. பந்து மருமகள் கையில். இடதுபக்கம் போகிறாப்போல் போக்குக்காட்டி வலதுபக்கம் வெட்டி உள்ளே நுழைந்தாள். இரண்டு பேர் அவள்மேல் வந்து கவிந்தார்கள். அந்தப் பக்கம் நெட்டை தனியாக நின்றாள். எட்டு மாதத்துக்கு முன்னால் துணி பிரிக்கும் பிரிவில் சேர்ந்த பெண், டீமிலேயே உயரமானவள். பந்து அவளிடம் போனது. போட்டாள். பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றியது, இரண்டாவது சுற்று பாதி போனது, வெளியே விழுந்தது. விசில்.

அவ்வளவுதான் நடந்தது. அதைப் பேசி முடிக்க ஒரு வாரம் போதவில்லை.

திங்கட்கிழமை காலை பாய்லர் சூடேறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. டாக்டர்களின் கோட்டுகளைக் கையால் தேய்க்கிற இஸ்திரிக்காரர், பெட்டியை நிறுத்திவைத்துவிட்டுப் பேசினார்.

"ரெஃப்ரீதான் காரணம். ரெண்டு பேரும் கேப்டன் கைமேல விழுந்தாங்களா இல்லையா? நான் பாத்தேன். சத்தமே கேட்டுச்சு."

"அந்தக் கூட்டத்துல உங்களுக்குக் கை சத்தம் கேட்டுச்சா?" என்றாள் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல்காரி. "காது அவ்வளவு கூர்மைன்னா, நான் ரெண்டு வாரமா ஒரு நல்ல விளக்கு கேக்கறது மட்டும் ஏன் யாருக்கும் கேக்கல?"

"விளக்குக்கும் ரெஃப்ரீக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. சொல்லிவச்சேன். தப்பு கேப்டனோடது. நம்ம கேப்டன்கிட்ட பந்து இருக்கு. குறி தப்பாத கை. அதை எதுக்கு நேத்து வந்த பொண்ணுகிட்ட கொடுக்கணும்?"

"கொடுத்தது தப்பில்ல. போடத் தெரியலையே, அதான் தப்பு," என்றாள் மடிக்கிற மேசையில் நின்ற ஒருத்தி. "அவ்வளவு உசரம் இருந்து என்ன பிரயோஜனம்? பரண்ல டப்பா எடுக்கத்தான் ஆகும்."

மைக் அக்கா இருந்தால் மற்றவர்கள் பேச இடமிருக்காது. அன்றும் அவள்தான் ஓங்கிப் பேசினாள். "ரெஃப்ரீயைத் தவிர வேற ஆளே இல்ல" என்று உருளைச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். மத்தியானத்துக்குள் குற்றவாளி மாறிவிட்டார். "கோச் கடைசி டைம் அவுட்டை முன்னாடியே எடுத்துத் தொலைச்சிட்டாரு. ஆறு செகண்டு இருக்கும்போது கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க ஒண்ணுமில்லாமப் போச்சு." செவ்வாய்க்கிழமை மைதானத்தின் வளையமே ஒரு விரல்கடை சாய்ந்திருப்பதாகச் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் மகன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டான். "அம்மா, காலைல வளையம்னு சொன்ன. நேத்து கோச்சு. அதுக்கு முன்னாடி ரெஃப்ரீ. நாளைக்கு யாரு? எனக்கு முன்னாடியே சொல்லிட்டா நான் வேன்ல ஊரெல்லாம் ஒரே பேச்சா பேசுவேன். ஆளுக்கொண்ணு சொன்னா குடும்பத்துக்கு மரியாதை இல்ல."

"நீ வாயை மூடிக்கிட்டு உரி."

மருமகள் அடுப்பருகே முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். மைக் அக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு, அவள் குரலுக்கு ரொம்பவும் சின்னதான ஒரு குரலில் கேட்டாள்: "ஏம்மா, நீயே போட்டிருக்கலாமே. ஏன் கொடுத்த?"

மருமகள் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி. அப்புறம் வாணலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கொடுக்கணும்னு தோணுச்சு, அத்தை."

மைக் அக்கா சட்டென்று தட்டுகளை எடுத்து வைக்கப் போனாள். அந்த ஆறு செகண்டில், இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "நெட்டைக்குக் கொடு! கொடு! கொடு!" என்று ஒரு குரல் மைதானத்தையே அறுத்துக்கொண்டு போனது. அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியும். மருமகளுக்கும் தெரியும். மற்றவர்கள் அந்த நேரத்தில் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; மைக் அக்காவின் கத்தல் அவர்களுக்கு உருளை மெஷின் சத்தம் மாதிரி, கேட்டுக் கேட்டுக் கேட்காமலே போன சத்தம்.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். மகன் அதையும் ரெஃப்ரீ கணக்கில் எழுதிவிடலாமா என்று கேட்டான்.

புதன்கிழமை நெட்டை பயிற்சிக்கு வரவில்லை. வேலைக்கு வந்தாள், துணியைப் பிரித்தாள், போய்விட்டாள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீம் சட்டையைத் துவைத்து, மடித்து, கோச்சின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வியாழக்கிழமை வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். ரொட்டியும் டீயும் பாதியில் ஆறிக் கிடக்க, பேச்சு மட்டும் சூடாக இருந்தது. இந்தத் தடவை பேச்சு பேச்சாக நிற்கவில்லை. தையல்காரி எழுந்து நேராகக் கோச்சிடம் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை யாரு கேப்டன்?"

"ஏன், அவதான்."

"எங்களுக்கு நம்பிக்கை இல்ல. தப்பா நினைக்காதீங்க. அவ நல்லா ஆடுவா, மறுக்கல. ஆனா நெருக்கடில கை நடுங்கி அடுத்தவகிட்ட தள்ளிவிடறவ கேப்டனா இருக்கக்கூடாது. ஆரம்பத்துல வெளிய உக்கார வைங்க. தேவைப்பட்டா அப்புறம் இறக்குங்க."

இரண்டு மூன்று பேர் "ஆமாம்" என்றார்கள். இஸ்திரிக்காரர்கூட, ரெஃப்ரீயை விட்டுக்கொடுக்காமலே, "அதுவும் ஒரு யோசனைதான்" என்றார். மருமகள் மூலையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கோச் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "யோசிக்கறேன்" என்றார். யோசிக்கிறேன் என்று அவர் சொன்னால் சரி என்று அர்த்தம்.

பெஞ்சு தடதடவென்று ஆடியது. மைக் அக்கா அதன்மேல் ஏறி நின்றிருந்தாள்.

"கத்தினது நான்தான்!"

கொட்டகையின் தகரக் கூரையில் மழைச் சத்தம் ஒரு கணம் அடங்கினாற்போல் இருந்தது.

"என்னக்கா?" என்றார் கோச்.

"அவ கை நடுங்கல. அவ யார்கிட்டயும் தள்ளிவிடல. நெட்டைக்குக் கொடு, நெட்டைக்குக் கொடுன்னு கத்தினது நான். இந்தத் தொண்டை. அவ காதுல விழுந்துச்சு, கொடுத்துட்டா. நாலு நாளா ரெஃப்ரீன்னு சொன்னேன், கோச்னு சொன்னேன், வளையம் கோணல்னு சொன்னேன். ஒரு தடவைகூட என் பேரைச் சொல்லல. அவளும் சொல்லல பாருங்க. வீட்டுல என்கூட உக்காந்து சாப்பிட்டா, வெளிய உங்ககிட்ட பேச்சு வாங்கினா, என்னைக் காட்டிக்கொடுக்கல. வெளிய உக்கார வைக்கணும்னா என்னை உக்கார வைங்க. மைதானத்துக்கு வெளிய. ரோட்டுல."

மருமகள் எழுந்து வந்து, பெஞ்சின் மேல் நின்றவளின் முழங்கையைப் பிடித்தாள்.

"முதல்ல இறங்குங்க அத்தை, பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம்." மாமியார் இறங்கியதும் எல்லோரையும் பார்த்துப் பேசினாள். அவள் அத்தனை பேர் முன்னால் பேசி யாரும் கேட்டதில்லை. "அத்தை குரல் கேட்டுச்சு. ஆயிரம் பேர் கத்தினாலும் அது தனியாத்தான் கேக்கும். ஆனா அதுக்காகத்தான் கொடுத்தேனான்னு கேட்டா எனக்கே தெரியாது. ஆறு செகண்டுல எதையும் பிரிச்சுப் பாக்க முடியாது. என்மேல ரெண்டு பேர் இருந்தாங்க. அவ தனியா நின்னா. கொடுத்தேன். அவ போட்டதும் சரியாத்தான் போட்டா. ஒண்ணரைச் சுத்து வளையத்துல ஓடுச்சு பந்து, தப்பாப் போட்டா அப்படி ஓடுமா? நாளைக்கு அதே மாதிரி நின்னாலும் அவளுக்குத்தான் கொடுப்பேன். அது புடிக்கலேன்னா வேற கேப்டன் வச்சுக்கோங்க."

கோச் தொண்டையைச் செருமினார். "டைம் அவுட்டை அவசரப்பட்டு எடுத்தது நான்தான். அக்கா சொன்னதுல அது மட்டும் நிஜம்."

"அந்த நேரத்துல நான் கண்ணை மூடிக்கிட்டேன்," என்றார் இஸ்திரிக்காரர் திடீரென்று. "பயத்துல. கைல அடிச்சதை நான் பாக்கல."

தையல்காரி அவரை முறைத்தாள். "நாலு நாளா சத்தியம் பண்ணினீங்களே!" கொட்டகை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மருமகளிடம் வந்து, "ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காத" என்றாள். சங்கு ஊதியது. எல்லோரும் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் மாமியாரும் மருமகளும் ஒரே குடையில் நெட்டையின் அறைக்குப் போனார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. கட்டிலைவிட அவள் நீளம். காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"கத்தினது நான்தான் கண்ணு," என்று ஆரம்பித்தாள் மைக் அக்கா.

"போட்டது நான்தானே அக்கா."

"நான் கத்தலேன்னா உன் கைக்கு வந்திருக்காது."

"வந்த பந்தை நான் உள்ள போட்டிருந்தா நீங்க கத்தினதைப் பத்தி யாரும் பேசியிருக்க மாட்டாங்க."

இப்படியே பத்து நிமிஷம் ஓடியது. வாரம் முழுக்க அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்த தப்பை இப்போது இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். மருமகளுக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பையிலிருந்து டீம் சட்டையை எடுத்து நெட்டையின் மடியில் போட்டாள். "நாளைக்கு அஞ்சு மணி. லேட்டா வந்தா மைதானத்தை அஞ்சு சுத்து ஓடணும்." நெட்டை சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மறுநாள் நாலே முக்காலுக்கே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழை. மூன்று மணிக்குத்தான் விட்டது. திறந்தவெளி சிமெண்டு மைதானம் குளமாகக் கிடந்தது. ரெஃப்ரீ கணுக்காலளவு நீரில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்குள்ள தரை காயலேன்னா ஆட்டம் இல்ல. விதிப்படி கோப்பை போன வருஷம் ஜெயிச்சவங்ககிட்டயே இருக்கும்."

பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். கோச் வானத்தைப் பார்த்தார். மைக் அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"டேய், கழிச்சுப்போட்ட விரிப்பு எத்தனை மூட்டை கிடக்கு?"

"நாப்பது இருக்கும்."

"வேனை எடு."

கூட்டத்திலேயே நின்றிருந்த சலவைக்கூடத்து சூப்பர்வைசர் கிடங்குச் சாவியைத் தூக்கிப் போட்டார். இருபது நிமிஷத்தில் வேன் பின்பக்கமாக மைதானத்துக்குள் வந்தது. மூட்டைகள் உருண்டன. முதலில் போர்வைகளை நீளமாகச் சுருட்டி, பத்துப் பேர் வரிசையாகக் குனிந்து, தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே விரிப்புகள். விரி, மிதி, எடு, பிழி. ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிர்ப் பக்கம் முறுக்கினால் தண்ணீர் அருவி மாதிரி கொட்டும். வருஷக்கணக்காக இதே வேலை. யாருக்கும் யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தையல்காரி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்காலில் தவழ்ந்தாள். இஸ்திரிக்காரர் பள்ளமான இடங்களைக் கண்டுபிடித்து "இங்க, இங்க!" என்று ஓடினார்.

பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், கேலி பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய கேப்டன் இறங்கி வந்தாள். ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். "இப்படிக் கோப்பை வாங்கினா எங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றாள். அவள் தப்பான பக்கம் முறுக்கினாள். மருமகள் அவள் கையைத் திருப்பிவிட்டாள்.

ஐந்து மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தபோது ரெஃப்ரீ நடுவட்டத்துக்குப் போய், ஷூவை அழுத்தித் தேய்த்தார். கிரீச்சென்று சத்தம் வந்தது. காய்ந்த தரையில் மட்டுமே வருகிற சத்தம். பந்து வளையத்துக்குள் விழுந்தாற்போல மைதானம் அலறியது.

ஆட்டம் ஆரம்பித்தது. மைக் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். கத்தப்போவதில்லை என்று சபதம். நாலு பகுதியில் முதல் பகுதி முடிவில் இவர்கள் ஒன்பது பாயிண்டு பின்தங்கியிருந்தார்கள். மருமகள் இரண்டு தடவை பந்தைக் கோட்டைவிட்டாள். இடைவேளையில் கோச்சிடம் போகாமல் நேராக மாமியாரிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

"அத்தை, உடம்பு சரியில்லையா?"

மைக் அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். கைக்குட்டையை எடுத்துவிட்டு, "நான் கத்தமாட்டேன். மறுபடி என்னால ஏதாவது ஆயிட்டா?" என்றாள்.

"நீங்க கத்தலேன்னா மெஷின் நின்னுபோன கூடம் மாதிரி இருக்கு எனக்கு. எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியல. என்ன வேணா கத்துங்க. அதைக் கேக்கறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்."

கைக்குட்டையை மருமகள் வாங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தன்னோடேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததைப் மைதானத்தை ஒட்டிய பூங்காவின் மறுகோடியில் இருந்தவர்களும் கேட்டார்கள். "வலதுபக்கம்! பின்னாடி ஆளு! ஓடு! ஏய், தூங்காத!" மருமகள் பாதியைக் கேட்டாள், பாதியை விட்டாள். "போடு!" என்று குரல் வந்தபோது கொடுத்தாள், "கொடு!" என்று வந்தபோது தானே போட்டாள். பிஸ்கட் கம்பெனிக்காரிகள் மாமியாரின் குரலை நம்பித் தடுக்கப் போய்த் தப்பான பக்கம் நின்றார்கள். பாதி ஆட்டத்தில் சமம். மூன்றாவது பகுதியில் நெட்டை பந்தைப் பிடித்தாள், போட்டாள். முதல் பந்து வளையத்தைத் தொடாமல் விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. பரணில் டப்பா எடுக்கத்தான் ஆகும் என்று சொன்னவள் இப்போது பக்கத்தில் நின்றவரின் தோளில் ஏறாத குறையாகக் குதித்தாள்.

கடைசி ஆறு செகண்டில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இவர்கள் அறுபத்தொன்று, பிஸ்கட் கம்பெனி ஐம்பது. மருமகள் நடுவட்டத்தில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல். பிஸ்கட் கம்பெனிக் கேப்டன் எதிரே வந்து நின்று, தடுக்காமல், கையை நீட்டினாள். இவள் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தட்டினாள். விசில் ஊதியபோது ஈர விரிப்புகள் நாலா பக்கமும் ஆகாயத்தில் பறந்தன.

திங்கட்கிழமை காலை கோப்பை உருளை மெஷினின் தலையில் உட்கார்ந்திருந்தது. காலை லாரியோடு வந்த ஆஸ்பத்திரி ஆட்கள் நேற்று வரமுடியாதவர்கள். சுற்றி நின்றுகொண்டு, "அக்கா, முதல்லேருந்து சொல்லுங்க, ஒண்ணு விடாம" என்றார்கள்.

மைக் அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். தொண்டை ஒரேயடியாகக் கட்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் உருளை மெஷினால் முடியாததை நேற்றைய மூன்று பகுதி ஆட்டம் முடித்துவிட்டிருந்தது. கையை விரித்து மருமகளைக் காட்டினாள்.

மருமகள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெஷின் சத்தத்துக்கு மேலே, நீராவிக்கு மேலே, பாய்லர் அறையிலிருந்த கோச் எட்டிப் பார்க்கும்படி ஒரு குரல் எழுந்தது.

"முதல்ல தண்ணியை எப்படி எடுத்தோம்னு கேளுங்க!"

மைக் அக்கா சிரித்தபடியே ஒரு ஈர விரிப்பின் முனையை எடுத்து உள்ளே கொடுத்தாள்.